நறுமணப் பயிர்களில் ஊட்டக் கரைசல்கள்

நறுமணப் பயிர்களில் ஊட்டக் கரைசல்கள் என்பவை, ஒரு செடியின் மணம், பிசின் அல்லது நறுமண எண்ணெயின் அளவைக் கூட்டும் நோக்குடன், வழக்கமான உரத்துக்கு மேலாக வேரிலோ இலையிலோ இடப்படும் பொருட்கள் ஆகும். மக்னீசியம் சல்பேட்டு, கடற்பாசிச் சாறு, இயூமிக் அமிலம், அமினோ அமிலங்கள், பஞ்சகவ்யம் முதலியன இவ்வகையில் அடங்கும். கஞ்சா வளர்ப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ள நாடுகளில் இவற்றுக்குப் பெரிய சந்தை உள்ளது. இந்தியாவில் இவை மல்லிகை, புதினா, துளசி, வெட்டிவேர் போன்ற பயிர்களுக்குப் பயன்படுத்தப்படுகின்றன.

இக்கரைசல்கள் மணத்தைச் செடிக்குள் செலுத்துவதில்லை. மணப்பொருளைச் செடியே ஆக்குகின்றது. அதற்குத் தேவையான ஒரு தனிமம் மண்ணில் குறைவாக இருந்தால், அக்குறையை நீக்குவதே கரைசலின் முதன்மையான பயன் ஆகும். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரைகளில் இன்னொரு கேள்வியும் எழுகின்றது. கனிம ஊட்டங்களில் பெரும்பாலானவை வேதியியல்படி உப்புகளே. ஏற்கனவே உப்பு மிகுந்த மண்ணில் அவற்றைச் சேர்ப்பது பயிருக்கு நன்மையா, கேடா என்பதே அக்கேள்வி.

மணமும் பிசினும் உருவாகும் விதம்

செடி வளர்வதற்கு நேரடியாகத் தேவைப்படும் சர்க்கரை, புரதம் முதலியவை முதல்நிலைப் பொருட்கள் எனப்படும். மணம், கசப்பு, நிறம், பிசின் ஆகியவற்றைத் தருபவை இரண்டாம்நிலைப் பொருட்கள் எனப்படும். பூச்சி, பூஞ்சை, மேயும் விலங்கு, வறட்சி ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ளவும், மகரந்தம் பரப்பும் பூச்சிகளை ஈர்க்கவும் செடி இவற்றைப் பயன்படுத்துகின்றது.

நறுமண எண்ணெய்கள் பலவற்றின் அடிப்படை தெர்ப்பீன்கள் ஆகும். ஐந்து கரிம அணுக்கள் கொண்ட சிறு அலகுகள் இணைந்து இவை உருவாகின்றன. இரண்டு அலகுகள் சேர்ந்தால் பத்துக் கரிம அணுக்கள் கொண்ட இலிமோனீன், மிர்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருட்கள் கிடைக்கும். மூன்று அலகுகள் சேர்ந்தால் வெட்டிவேர் எண்ணெயில் உள்ளவை போன்ற கனமான, மெல்ல ஆவியாகும் பொருட்கள் கிடைக்கும்.

இப்பொருட்கள் சேரும் இடம் செடிக்குச் செடி வேறுபடும். துளசி, புதினா, கற்பூரவல்லி ஆகியவற்றின் இலைமேல் உள்ள நுண்ணிய சுரப்புத் தூவிகளில் எண்ணெய் சேர்கின்றது. இலையைக் கசக்கும்போது இத்தூவிகள் உடைவதால் மணம் வெளிப்படுகின்றது. கஞ்சாவில் பெண் பூங்கொத்தின் மேலுள்ள சுரப்புத் தூவிகளில் பிசின் சேர்கின்றது. வெட்டிவேரில் எண்ணெய் வேரில் உள்ளது. மல்லிகையின் நிலை வேறு. அது மணத்தைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. மொட்டு விரியும் மாலை வேளையில் இதழ்களே அதனை ஆக்கி வெளியிடுகின்றன. எனவே ஒரே கரைசல் எல்லாப் பயிர்களிலும் ஒரே பயனைத் தரும் என எதிர்பார்க்க இயலாது.

பிசின் தற்காப்புப் பொருள் என்பதற்கு அகில் நல்ல சான்று ஆகும். நோயற்ற அகில் மரத்தின் கட்டை வெளிறியதாகவும் மணமற்றதாகவும் இருக்கும். மரம் காயமுற்றுப் பூஞ்சை புகுந்தபின், அதற்கு எதிர்வினையாக மரம் ஆக்கும் பிசினே கட்டையைக் கருமையாக்கி மணமூட்டுகின்றது. மரக்காணத்தோடு அகிலுக்குப் பழைய தொடர்பு ஒன்றும் கூறப்படுகின்றது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அலைகள் கரையில் ஒதுக்கிய மணமரக் கட்டைகளை அங்குள்ள நெய்தல் நிலப் பெண்கள் விறகாக எரித்ததாக அந்நூல் கூறுகின்றது. அம்மரத்தை அகில் எனப் பொருள் கொள்வது வழக்கம்.

கரைசல்களின் வகைகள்

கனிம ஊட்டங்கள்: இவற்றுள் பரவலாக அறியப்பட்டது எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டு ஆகும். இதில் ஏறத்தாழ 10 விழுக்காடு மக்னீசியமும் 13 விழுக்காடு கந்தகமும் உள்ளன. இலைப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு உள்ளது. மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். ஒளிச்சேர்க்கை குறைவதால் மணப்பொருளுக்கான மூலப்பொருளும் குறையும். இக்குறை உள்ள செடிக்கு எப்சம் உப்பு பயன் தரும். குறையில்லாத செடியில் அத்தகைய பயனை எதிர்பார்க்க இயலாது.

கடற்பாசிச் சாறு: உலகச் சந்தையில் உள்ள சாறுகளில் பல, வட அட்லாண்டிக்குக் கரைகளில் வளரும் ஒருவகைப் பழுப்புப் பாசியிலிருந்து பெறப்படுகின்றன. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் மிதவைகளில் வளர்க்கப்படும் காப்பாபைக்கசு என்னும் செம்பாசி இதற்குப் பயன்படுகின்றது. புதிய பாசியைப் பிழிந்து சாற்றை உரமாகவும், எஞ்சிய சக்கையைக் கராசீனன் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கவும் பயன்படுத்தும் முறையைப் பவநகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. இச்சாற்றில் பொட்டாசியமும், வளர்ச்சியைத் தூண்டும் இயற்கை இயக்குநீர்களும் உள்ளன. வேர் வளர்ச்சி, வறட்சியைத் தாங்கும் திறன் ஆகியவை இதன் முதன்மைப் பயன்களாகக் கூறப்படுகின்றன. மணம் கூடுவது இதன் நேரடி விளைவு அன்று.

இயூமிக் அமிலம்: மட்கிய தாவரப் பொருட்களிலிருந்தும் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் பெறப்படுவது. மண்ணில் உள்ள ஊட்டங்களை வேர் எடுத்துக்கொள்ள உதவுகின்றது.

பஞ்சகவ்யம்: சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றுடன் கரும்புச்சாறு, இளநீர், வாழைப்பழம் முதலியன சேர்த்து நொதிக்கவைத்த கரைசல் ஆகும். பயிர்களுக்கான இன்றைய வடிவத்தைக் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராசன் பரவலாக்கினார். பொதுவாக 3 விழுக்காட்டுக் கரைசலாக, அதாவது 100 இலிட்டர் நீருக்கு 3 இலிட்டர் என்ற அளவில், தெளிக்கப்படுகின்றது. இது மல்லிகையில் மணத்தைக் கூட்டும் என உழவர்கள் சிலர் கூறுவர்.

கூடுதல் ஊட்டமும் குறையும் செறிவும்

ஊட்டம் கூடக் கூட மணமும் கூடும் என்பது பரவலான எண்ணம். ஆய்வுகள் பெரும்பாலும் இதற்கு மாறான நிலையைக் காட்டுகின்றன.

இசுரேலின் வோல்கானி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், உரிமம் பெற்ற மருத்துவக் கஞ்சாவில் நைட்ரசன் அளவின் விளைவை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாசன நீரில் நைட்ரசனை இலிட்டருக்கு 30 மில்லிகிராமிலிருந்து 320 மில்லிகிராமாக உயர்த்தியபோது, பூவிலுள்ள முதன்மைப் பிசின் சேர்மங்களின் செறிவு 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. மிகக் குறைந்த நைட்ரசனில் செறிவு உயர்ந்திருந்தாலும், செடி சிறுத்து விளைச்சல் குறைந்தது. நைட்ரசன் மிகும்போது செடி இலையும் தண்டும் புரதமும் ஆக்குவதில் முனைகின்றது. தற்காப்புப் பொருட்களுக்கு ஒதுக்கும் கரிமம் குறைகின்றது. செடியின் பருமன் கூடுவதால் இருக்கும் பிசினும் நீர்த்துப்போகின்றது.

கந்தகம் இதற்கு விலக்காக அமையக்கூடியது. வெங்காயம், பூண்டு, கடுகு ஆகியவற்றின் நெடி கந்தகச் சேர்மங்களால் ஆனது. மண்ணில் கந்தகம் கூடினால் வெங்காயத்தின் காரநெடி கூடும். ஐக்கிய அமெரிக்காவின் சியார்சியா மாநிலத்தில் விளையும் வைடேலியா வெங்காயத்தின் இனிப்புச் சுவைக்கு, அங்குள்ள மண்ணில் கந்தகம் குறைவாக இருப்பது ஒரு காரணம் ஆகும். கஞ்சாவின் கடுநாற்றத்துக்கும் தெர்ப்பீன்கள் மட்டுமன்றி, மிகச் சிறிய அளவில் உள்ள கந்தகச் சேர்மங்களும் காரணம் என 2021ஆம் ஆண்டில் அறியப்பட்டது. எனினும் கந்தகம் போதிய அளவில் உள்ள மண்ணில் மேலும் கந்தகம் இடுவதால் மணம் தொடர்ந்து உயரும் என இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

சிலவேளைகளில் எதையும் சேர்க்காமலேயே பிசின் கூட்டப்பட்டது. பிரித்தானிய இந்திய அரசு 1893இல் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையத்தின் அறிக்கை, வங்காளத்தில் கஞ்சா வயல்களில் ஆண் செடிகளை இனங்கண்டு களைவதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருந்ததைப் பதிவு செய்துள்ளது. மகரந்தம் சேராத பெண் பூக்கள் விதை ஆக்காமல் பிசினைத் தொடர்ந்து சுரப்பதே இதன் காரணம் ஆகும்.

வெட்டிவேரிலும் இதுபோன்ற ஒரு செய்தி உண்டு. நுண்ணுயிர்கள் அற்ற ஆய்வுக்கூடச் சூழலில் வளர்ந்த வெட்டிவேரில் எண்ணெய் மிகக் குறைவாகவே காணப்பட்டது. வேருக்குள் வாழும் பாக்டீரியாக்களுக்கும் எண்ணெய் உருவாக்கத்தில் பங்கு உண்டு என்பதை இது காட்டுகின்றது. மண்ணின் உயிர்த்தன்மையைக் கெடுக்கும் அளவுக்கு உப்புரங்களை இடுவது இதனால் எதிர்விளைவைத் தரக்கூடும்.

உப்பளக் கடற்கரையில் எழும் சிக்கல்

மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது. இங்குள்ள உப்பளங்களில் வறண்ட மாதங்களில் உப்பு விளைவிக்கப்படுகின்றது. அருகே கழுவேலி என்னும் உவர்நீர்ச் சதுப்பு நிலம் உள்ளது. இது 2021இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய கரையோரங்களில் வடகிழக்குப் பருவமழை மண்ணின் மேற்பரப்பு உப்பைக் கழுவுகின்றது. கோடையில் நிலத்தடி நீர் மேலேறி ஆவியாவதால் உப்பு மீண்டும் மேலே படிகின்றது. கிணற்று நீரை அளவுக்கு மீறி இறைக்கும் இடங்களில் கடல்நீர் உட்புகுதலும் நிகழக்கூடும்.

மண்ணிலும் நீரிலும் உள்ள உப்பு, மின்கடத்துதிறன் கொண்டு அளவிடப்படுகின்றது. இதன் அலகு மீட்டருக்கு டெசிசீமன்சு ஆகும். நிறைநிலை மண்சாற்றில் இவ்வளவு 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் அம்மண் உவர்மண் எனப்படும். இலிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு ஓர் அலகுக்குச் சமம் எனத் தோராயமாகக் கொள்ளப்படுகின்றது.

காட்டாக, ஒரு கிணற்று நீரில் நூற்றுக்கு 5 பங்கு கடல்நீர் கலந்துள்ளது எனக் கொள்வோம். கடல்நீரில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. எனவே கலந்த நீரில் கடல்நீரால் மட்டும் இலிட்டருக்கு 1.75 கிராம் உப்பு சேரும். இதன் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 2.7 அலகு. வழக்கமான ஊட்டக் கரைசல்கள் 1 முதல் 2 அலகு வரை கூட்டும். இரண்டும் சேரும்போது நீரே 4 அலகை நெருங்கும் அல்லது தாண்டும். வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு மிகுந்தால் செடி நீரை உறிஞ்சத் திணறும். ஈரமான மண்ணிலேயே செடி வாடும். நல்ல நீருள்ள உள்மாவட்டத்தில் பயன் தந்த அதே கரைசல், கடற்கரையில் இலை நுனி கருகக் காரணமாகலாம்.

மிதமான உப்பு நெருக்கடி சில நறுமணச் செடிகளில் எண்ணெயின் செறிவைக் கூட்டுவதும் உண்டு. இதனை விளைச்சலோடு சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும். ஒரு நிலத்தில் 100 கிலோகிராம் இலை 1 விழுக்காடு எண்ணெயுடன் கிடைத்தால் மொத்த எண்ணெய் 1 கிலோகிராம். நெருக்கடியால் எண்ணெய் 1.4 விழுக்காடாக உயர்ந்து, இலை 60 கிலோகிராமாகக் குறைந்தால் மொத்த எண்ணெய் 840 கிராம் மட்டுமே. மணம் கூடியிருக்கும். உழவரின் வருவாய் குறைந்திருக்கும்.

உப்பளத்தின் துணைப்பொருட்கள்

உப்பளத்தில் உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம், பொட்டாசியம், சல்பேட்டு ஆகியவை செறிந்துள்ளன. ஊட்டக் கரைசல்களில் விலை கொடுத்து வாங்கப்படும் தனிமங்களும் இவையே. ஆயினும் இந்நீரை நீர்த்து நேரடியாகப் பயிருக்கு ஊற்றுவது தவறு ஆகும். இதில் சோடியமும் குளோரைடும் பெருமளவில் உள்ளன. சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைச் சிதைத்து நீர் இறங்காமல் செய்யும். குளோரைடு இலை விளிம்புகளைக் கருக்கும். கசப்பு நீரிலிருந்து பொட்டாசியம் சல்பேட்டு, மக்னீசியம் உப்புகள் முதலியவற்றைப் பிரித்தெடுக்கும் தொழில்முறைகள் உள்ளன. குசராத்தின் கச்சு பகுதியில் இது பெரிய அளவில் மேற்கொள்ளப்படுகின்றது.

கடல்நீர் செறிவடையும்போது உப்பு படிவதற்கு முன்பே படியும் பொருள் சிப்சம் ஆகும். இது கால்சியம் சல்பேட்டு. சோடியம் மிகுந்த மண்ணில் சிப்சத்தை இட்டால், கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். வெளியேறிய சோடியத்தை நன்னீர் பாய்ச்சி வடிக்கவேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் இதனால் பயன் இல்லை. சிப்சம் பயிருக்குக் கந்தகத்தையும் தருகின்றது.

கடற்கரைக்கு ஏற்ற பயிர்

உவர்த்தன்மை உள்ள இடங்களில் கரைசலைத் தேர்வதைவிடப் பயிரைத் தேர்வது முதன்மையானது. வெட்டிவேர் ஏறத்தாழ 8 அலகு வரை மண் உவர்ப்பைத் தாங்கக்கூடியது எனக் கண்டறியப்பட்டுள்ளது. மரக்காணத்துக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்தின் கடற்கரை மணற்பகுதிகளில் இது பயிரிடப்படுகின்றது. மணற்பாங்கான நிலத்தில் வேர் அறுபடாமல் தோண்டி எடுப்பது எளிது. எண்ணெயின் அளவும் தரமும் வகை, வேரின் வயது, தோண்டும் காலம், வடித்தெடுக்கும் நேரம் ஆகியவற்றைப் பெரிதும் சார்ந்துள்ளன. இலக்னோவில் உள்ள மத்திய மருத்துவ மற்றும் நறுமணத் தாவர நிறுவனம் வெட்டிவேரின் மேம்பட்ட வகைகளை வெளியிட்டுள்ளது.

அறுவடையும் உலர்த்தலும் பிற பயிர்களிலும் இன்றியமையாதவை. மல்லிகை மொட்டு விரியும் முன், காலையிலேயே பறிக்கப்படுகின்றது. புதினா, துளசி ஆகியவற்றைக் கடும் வெயிலில் உலர்த்தினால் எளிதில் ஆவியாகும் பொருட்கள் இழக்கப்படும். வயலில் கரைசலுக்குச் செலவிட்டுப் பெற்ற மணத்தைக் களத்து வெயில் ஒரே நாளில் போக்கிவிடக்கூடும்.

சட்ட நிலை

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தின்படி, உரிமம் இன்றிக் கஞ்சா பயிரிடுவது குற்றம் ஆகும். செடியின் பிசினும் பூக்கும் நுனிகளும் தடைக்கு உட்பட்டவை. நார், விதை ஆகியவற்றுக்காகப் போதைத்தன்மை குறைந்த வகைகளைப் பயிரிட அரசு அனுமதி அளிக்க இச்சட்டம் இடமளிக்கின்றது. உத்தராகண்டம் 2018இல் இத்தகைய உரிமம் வழங்கியது.

ஊட்டக் கரைசல்களில் உயிர்த்தூண்டிகள் எனப்படும் கடற்பாசிச் சாறு, இயூமிக் அமிலம், அமினோ அமிலம் முதலியவை நெடுங்காலம் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் உட்படாமல் விற்கப்பட்டன. 2021 பெப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணை திருத்தப்பட்டு, இவை அதன் ஆறாம் அட்டவணையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இடைக்காலப் பதிவுடன் விற்பதற்கான காலம் 2025 சூன் 16 உடன் முடிவுற்றது. முன்னர் ஏறத்தாழ 30,000 பொருட்கள் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டதாகவும், விதிகள் கடுமையாக்கப்பட்டபின் அவை ஏறத்தாழ 650 ஆகக் குறைந்ததாகவும் நடுவண் வேளாண் அமைச்சர் சிவராசு சிங் சவுகான் 2025 சூலையில் தெரிவித்தார். ஏற்பு பெற்ற பொருளுக்கு, எப்பயிருக்கு எவ்வளவு என்பது ஆணையில் குறிக்கப்படுகின்றது. எனவே புட்டியில் அச்சிடப்பட்ட பயிர்ப்பெயரைப் பார்ப்பது வாங்குவோருக்குப் பயன்படும்.

வயலில் சோதித்தல்

கரைசல் ஒன்றின் பயனை உழவரோ மாணவரோ எளிய முறையில் சோதிக்கலாம்.

முதலாவதாக, மண்ணையும் பாசன நீரையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, மின்கடத்துதிறனையும் குறைவாக உள்ள தனிமத்தையும் அறிதல் வேண்டும். உவர்ப்பு மிகுந்திருந்தால் வடிகால், மட்கிய எரு, நன்னீர் ஆகியவற்றுக்கே முதலிடம்.

இரண்டாவதாக, ஒரே வகைச் செடிகளைக் கொண்ட வரிசைகளில் சிலவற்றுக்குக் கரைசலையும் சிலவற்றுக்கு அதே அளவு வெறும் நீரையும் தெளித்தல் வேண்டும். இவ்வரிசைகள் நிலத்தின் ஒரே மூலையில் அமையாமல் மாறிமாறி அமைதல் நல்லது. கடற்கரை நிலத்தில் சில அடித் தொலைவிலேயே உவர்ப்பு மாறுபடக்கூடும்.

மூன்றாவதாக, ஒரே நாளில் ஒரே நேரத்தில் அறுவடை செய்து, விளைச்சலின் எடையையும் வடித்தெடுத்த எண்ணெயின் அளவையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். முகர்ந்து பார்ப்போருக்கு எது எந்த வரிசை என்பது தெரியக்கூடாது. இரு வரிசைகளின் மொத்த எண்ணெயிலும் வேறுபாடு இல்லையெனில், கரைசலுக்கான செலவு வீண் ஆகும்.

இவற்றையும் பார்க்க

வெட்டிவேர்
உவர்மண்
கழுவேலி
பஞ்சகவ்யம்
நறுமண எண்ணெய்